வயோலா பாடும் இடம்

நால்வர் வாசிக்கும் மேலை இசையில் வயோலாவைத் தனியாகக் கவனிப்பவர் குறைவு. வயலின்கள் மேலே பாடும், செல்லோ கீழே தாங்கும், நடுவில் இட்டு நிரப்புவது வயோலாவின் வேலை. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1893-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஸ்பில்வில் என்ற சிற்றூரில் எழுதிய ‘அமெரிக்கன்’ குவார்ட்டெட் என்ற நால்வர் இசை அப்படியில்லை. வயலின்கள் மெல்ல நடுங்க, செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, முதல் பாட்டே வயோலாவுக்குத்தான். ஐந்தே சுரங்கள்; நம் மோகனத்தின் சுரங்கள். லேசான கரகரப்போடு இளஞ்சூடாக எழும் அந்தக் குரலுக்கு அவசரமே கிடையாது. துவோர்ஷாக் தாமே வயோலா வாசித்தவர். அந்தக் கம்பிகள் எங்கே இனிக்கும் என்று விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் வயலின் ஏங்கிப் பாடிய பாட்டைக் கடைசியில் செல்லோ வாங்கிக்கொள்ளும்போது அதே ஏக்கம் இன்னும் கனத்துப்போகிறது. மூன்றாம் பகுதியில், வயலினின் உச்சியில், அவ்வூரில் அவர் கேட்ட பறவை கீச்சிடுகிறது.

நியூயார்க்கில் பாடகர் ஹாரி பர்லி பாடிக்காட்டிய கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களில் சொக்கிப்போன துவோர்ஷாக், அமெரிக்க இசை அவற்றிலிருந்தே வளர வேண்டும் என்றார். பின்னாளில் கறுப்பின இசையமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் பிரைஸ் என்ற பெண்மணி, நாட்டுப்பாடல்களை எடுத்து இதே நான்கு வாத்தியங்களுக்கு ஒரு படைப்பை எழுதினார். அதில் ஒரு குரல் விட்ட இடத்தில் அடுத்த குரல் தொடுத்துக்கொள்ளும் நேர்த்தி அலாதியானது. இரண்டையும் ஒரே மாலையில் கேளுங்கள், துவோர்ஷாக்கை முதலில்.