உப்புக் காற்றில் எட்டு வயதுக் கேமிங் கம்ப்யூட்டர்

போர்ட் கொச்சியில் பழைய கம்ப்யூட்டரில் கை வைப்பதென்றால் முதலில் எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை, அப்புறம்தான் கிராஃபிக்ஸ் கார்டு. பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கிற பணத்தையெல்லாம் கார்டில் போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் கடல்காற்றை உறிஞ்சிய பவர் சப்ளையிலேயே அதையும் மாட்டுகிறார்கள். பிறகு கேம் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் பழி கார்டின் மேல் விழுகிறது.

தமிழ் வண்ணார்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தோபி கானாவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அக்கா வீடு. அங்கே இருப்பது 2018-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 1600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி ராம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க். “மாமா, 25,000-க்கு மேல அம்மா தர மாட்டாங்க. ஆனா சைபர்பங்க் ஓடணும்” என்றான் அக்கா மகன். கழற்றும் பாகங்களை விற்று வருவதையும் சேர்த்துக்கொள்ள அக்கா சம்மதித்தாள்.

சைபர்பங்க் 2077 லேசான கேம் இல்லை. 2023-ல் 2.0 அப்டேட் வந்தபோது அதன் குறைந்தபட்சத் தேவையே ரைசன் 5 1600, 12 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, எஸ்எஸ்டி என்று உயர்ந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரில் ப்ராசசர் மட்டும் மயிரிழையில் தேறுகிறது. மற்ற மூன்றும் தேறவில்லை.

கேபினெட்டைத் திறந்தபோது கார்டின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பின்பக்கத்து ஸ்க்ரூக்கள் பழுப்பேறி, ஒன்றிரண்டு திருப்புளிக்கு மசியவே இல்லை. இது வெறும் தூசியின் வேலை இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துவிடும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொச்சிக் காற்று பெரும்பாலான நேரம் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கும். போர்டில் படிந்த உப்பு அப்போது மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாகிறது. அதன் வழியே கசியும் மின்சாரம் செப்புத் தடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். அதனால் பரீட்சைக்காகக் கம்ப்யூட்டரை மூடிவைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழைக்காலத்தில் தினம் அரை மணி நேரமாவது அதை ஓடவிடுங்கள். இணைப்பு முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினோம். இதற்கு ஆன செலவு சொற்பம்.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. 12 வோல்ட் வரிசையைப் பார்த்தால் 18 ஆம்பியர், அதாவது 216 வாட். ப்ராசசரும் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். நாங்கள் மனதில் வைத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு மட்டும் 132 வாட் வேண்டும். ப்ராசசர் 75 வாட் இழுத்தால் கதை முடிந்தது. ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஃபேன் வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரையுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கினோம். இந்தப் பட்டியலில் செகண்ட் ஹேண்ட்டே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றது இதற்கு மட்டும்தான்.

யுபிஎஸ்ஸையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது 360 வாட். இந்தக் கம்ப்யூட்டருக்கு அது போதும். ஆனால் விலை மலிந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தரும் மின் அலை சீராக இருக்காது. சில புது எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காததால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஒருமுறையும், கேம் ஓடும்போது ஒருமுறையும் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து ராமும் எஸ்எஸ்டியும். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி சிப் போய்க் குவிவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக்கிடக்கிறது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை விற்பனைப் பிரிவையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் 16 ஜிபி கிட் பக்கம் போகாமல், இருக்கிற ஸ்டிக்குக்கு ஜோடியாக அதே வேகத்தில் பழைய 8 ஜிபி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இரண்டு ஸ்டிக் ஆனதும் ராம் இரட்டைத் தடத்தில் ஓடத் தொடங்கும். ரைசனுக்கு அதன் பலன் நன்றாகவே தெரியும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ. பி450 போர்டின் எம்.2 துளை மூன்றாம் தலைமுறை வேகத்தோடு நின்றுவிடுவதால், நாலாம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் தருவது வீண். பழைய ஹார்ட் டிஸ்க் படமும் பாட்டும் வைக்க உள்ளேயே இருக்கட்டும்.

இந்தக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது ப்ராசசர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் வந்த 1600 உட்கார்ந்த அதே இடத்தில் 2022-ல் வந்த ரைசன் 5 5600 உட்காருகிறது. இரண்டுக்கும் 6 கோர், பெயரளவில் 65 வாட். ஆனால் 5600-க்கு எல்3 கேஷ் இரண்டு மடங்கு, 32 எம்பி. உச்ச வேகம் 3.6-லிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ். இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. ப்ராசசரைக் கழற்றும் முன்பே, பழையது மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மழைநாளில் கேஎஸ்இபி கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பயாஸ் எழுதும் நடுவில் கரண்ட் போனால் போர்டே போனாற்போல்தான். யுபிஎஸ் முழு சார்ஜில் இருக்கும்போது மட்டும் இந்த வேலையைத் தொடுங்கள்.

பட்ஜெட்டில் ஏறத்தாழ பாதி கார்டுக்குப் போனது. புது ஆர்எக்ஸ் 6600 எட்டாத உயரத்தில் இருந்ததால் செகண்ட் ஹேண்ட்தான். வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கினால் பென்டா மேனகா வணிக வளாகம் நடக்கிற தூரம். கார்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது மானிட்டர் கேபிள் சொருகும் துளைகளின் உட்புறத்தை. அங்கே பச்சையோ பழுப்போ தென்பட்டால் அது கடலோரத்தில் வளர்ந்த கார்டு. ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஃபேனை விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். “சேட்டா, கால் மணி நேரம் லோடில் ஓட்டிக் காட்டணும்” என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். முதலில் நுழைந்த கடையில் மறுத்தார்கள், வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் கார்டை மாட்டி ஓட்டியே காட்டினார்கள். சூடு ஏறி ஓரிடத்தில் நிலைத்தது, திரையில் புள்ளியோ கோடோ வரவில்லை. ஒரு மாத வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்ததில் எது எதைச் சரிசெய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. எஸ்எஸ்டியும் ராமும் வந்த உடனே விண்டோஸ் சட்டென்று திறந்தது. கேமில் தெருமுனை திரும்பும்போதெல்லாம் வரும் திக்கல் போய்விட்டது. ப்ராசசர் மாறியதும் பழைய கார்டிலேயே வேலொரண்ட் துள்ளி ஓடியது. அந்த கேம் கார்டைவிட ப்ராசசரைத்தான் நம்பியிருக்கிறது. சைபர்பங்க்குக்கு மட்டும் இவை போதவில்லை. 1050 டிஐயில் எல்லா செட்டிங்கையும் தாழ்த்தினாலும் முப்பது ஃப்ரேமுக்குத் தவித்தது. 6600 வந்ததும் 1080பி-யில், ரே ட்ரேசிங் இல்லாமல், ஹை செட்டிங்கில் அறுபதை ஒட்டி ஓடுகிறது. கூட்டம் நெரியும் தெருக்களில் ஐம்பதுக்கு இறங்கும். வீட்டு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இதற்கு மேல் செலவழித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் கணக்கு ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். இன்டெல் நாலாம் தலைமுறை ஐ5, டிடிஆர்3 ராம் உள்ள கம்ப்யூட்டர் என்றால் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் போர்டிலிருந்து மேலே போக நல்ல வழியில்லை. பாக்கிப் பணம் அடுத்த கம்ப்யூட்டருக்கு உதவும்.

ஏஎம்4 இருந்தும் கையில் 12,000 ரூபாய்தான் என்றால் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, பழைய ராம் ஸ்டிக் ஆகிய மூன்றோடு இந்த வருஷத்தை முடித்துக்கொள்ளலாம். 1050 டிஐ போன்ற கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டாலும், பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. கார்டுக்கு அவசரமில்லை.