கணிப்பொறிப் பாடம்: விரலுக்கா, அறிவுக்கா?

சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவி ஒருவர் பதறிப்போய் வந்து ஒரு பென் டிரைவை என்னிடம் நீட்டினார். 3 வாரம் உழைத்துத் தட்டெழுதிய 40 பக்க ஆய்வறிக்கை அதில் இருக்கிறது என்றார். வீட்டுக் கணிப்பொறியில் நன்றாகத் திறந்த அறிக்கை, கல்லூரிக் கணிப்பொறியில் திறக்க மறுத்துவிட்டது. அன்று மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். வீடோ 60 கிலோமீட்டர் தொலைவில்.

பென் டிரைவில் இருந்த கோப்பின் அளவைப் பார்த்தேன். 2 கிலோபைட்டுகூட இல்லை. அதன் சின்னத்தின் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது. விஷயம் விளங்கிவிட்டது. அவர் கொண்டு வந்தது அறிக்கை அன்று. அறிக்கை வீட்டுக் கணிப்பொறியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் 'ஷார்ட்கட்' என்னும் குறிப்புச் சீட்டு மட்டுமே. முகவரி எழுதிய துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வீடும் கூடவே வந்துவிடுமா? நல்ல வேளையாக அவருடைய தம்பி வீட்டில் இருந்தான். அவன் மின்னஞ்சலில் அனுப்பி வைக்க, அறிக்கை கரை சேர்ந்தது.

அந்த மாணவி கணிப்பொறி அறியாதவர் அல்லர். பயிற்சி நிலையம் ஒன்றில் 3 மாதம் படித்துச் சான்றிதழ் பெற்றவர். அங்கே கொடுத்த பாடநூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். திரையில் தெரியும் சின்னத்தை இருமுறை சொடுக்கினால் கோப்பு திறக்கும் என்று அதில் இருந்தது. சின்னம் வேறு, கோப்பு வேறு என்ற ஒரு வரி மட்டும் அதில் எங்கும் இல்லை. பிறகு கடைகளில் கிடைத்த இத்தகைய தொடக்க நூல்கள் பலவற்றையும் பார்த்தேன். எந்த ஒரு நூலாசிரியரையும் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்நூல்களுக்குப் பொதுவாக உள்ள கற்பிக்கும் முறையைத்தான் இங்கே சீர்தூக்கிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நிறைகள்

இந்நூல்கள் செய்துள்ள நன்மையை மறுக்க முடியாது. கணிப்பொறி என்றாலே ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு உரியது என்ற அச்சத்தை அவை போக்கின. கோப்பு, கோப்புறை, விசைப்பலகை போன்ற சொற்களைச் சாதாரண மக்களின் நாவில் பழக்கின. படம் போட்டு, அம்புக்குறி இட்டு, படிப்படியாக விளக்கின. தமிழ்நாட்டில் 2011-இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, பல வீடுகளில் முதல் கணிப்பொறி அதுவாகவே இருந்தது. அவ்வீடுகளில் அருகே அமர்ந்து சொல்லித்தர ஆள் இல்லை, நூல்தான் ஆசிரியர். ஆகவே அந்த நூல் எப்படி இருக்கிறது என்பது சிறு செய்தி அன்று.

வழி சொன்னவர்கள் ஊரைச் சொல்லவில்லை

இந்நூல்களின் பெரிய குறை, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிடுவதாகும். ஏன் அழுத்த வேண்டும், அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. இதனால் வரும் தீங்கை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டிவிட்டன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007-இல் தன் ஆஃபீஸ் தொகுப்பின் தோற்றத்தை மாற்றியது. அதுவரை மேலே வரிசையாக இருந்த பட்டியல்கள் போய், 'ரிப்பன்' என்ற அகன்ற பட்டை வந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8, திரையின் கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 8.1-இல் அது திரும்பி வந்தது என்பது வேறு கதை. பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இரு மாற்றங்களின்போதும் புதிதாகக் கற்பவர்களைப் போல் திகைத்து நின்றார்கள். 'பக்கத்தின் ஓரத்தை அகலமாக்க வேண்டும். அதற்கொரு கட்டளை எங்கேனும் இருக்கும்' என்று எண்ணத் தெரிந்தவர்களோ சற்றுத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

கடையில் இருப்பது எந்தப் பதிப்பு நூலாயினும், அதில் அச்சிட்ட திரைப்படங்கள் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். கருத்தைச் சொல்லும் பக்கங்கள் மட்டுமே அப்படிப் பழசாவதில்லை.

மேசையும் மூளையும்

கணிப்பொறித் திரையை 'மேசைப்பரப்பு' என்கிறோம். இந்த உவமை எங்கே பிறந்தது? அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். அங்கே 1973-இல் உருவான ஆல்டோ கணிப்பொறியும், 1981-இல் விற்பனைக்கு வந்த ஸ்டார் கணிப்பொறியும் இதற்கு வழிகாட்டிகள். அலுவலக ஊழியர் தம் மேசைமேல் காண்கின்ற தாள், கோப்புறை, அஞ்சல் தட்டு ஆகியவற்றைச் சிறு படங்களாக ஸ்டாரின் திரையில் வரைந்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 1983-இல் லிசாவிலும் 1984-இல் மெக்கின்டாஷிலும் இம்முறையைப் பரப்பியது. 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது.

அமெரிக்க அலுவலக ஊழியருக்கு அப்படங்கள் பழகிய பொருள்கள். நம் சிற்றூர் மாணவருக்கு அவை புதியவை. அட்டைக் கோப்புறையைத் தொட்டிராத ஒருவரிடம் மஞ்சள் நிறப் படத்தைக் காட்டி 'இது கோப்புறை' என்றால், அவர் அந்தப் படத்தையே பொருளாக எடுத்துக்கொள்வார். 'சேமி' என்பதற்குரிய சின்னமும் இப்படித்தான். அது 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள பழைய ஃபிளாப்பியின் படம். சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை 2011-இல் நிறுத்திவிட்டது. இன்று பள்ளியில் படிப்பவர் அதைக் கண்டதே இல்லை. இப்படங்கள் வெறும் குறியீடுகள் என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு பத்தி இல்லாததால்தான் நம் மாணவி ஷார்ட்கட்டை அறிக்கை என்று நம்பினார்.

'சி.பி.யு. என்பது கணிப்பொறியின் மூளை' என்ற வாக்கியம் ஏறத்தாழ எல்லா நூல்களிலும் உண்டு. பல நூல்கள் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகின்றன. சி.பி.யு. என்பது அப்பெட்டிக்குள் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு. மூளை என்ற உவமையும் பொருத்தமாக இல்லை. மூளை தானே நினைவு வைத்துக்கொள்ளும். சில்லோ, செய்ய வேண்டிய கட்டளைகளையும் அவற்றுக்கு வேண்டிய எண்களையும் நினைவகத்திலிருந்து எடுத்து, கணக்கிட்டு, விடையை மீண்டும் அங்கேயே வைக்கிறது.

மின்சாரம் போனால் என்ன போகும்?

தொடங்குபவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால், அது இருவகை நினைவகங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடுதான். நூல்கள் 'ராம், ரோம்' என்று விரிவுப் பெயர் எழுதி, தேர்வுக்கு உரிய இரண்டு மதிப்பெண் வினாவாக அதை முடித்துவிடுகின்றன.

நீங்கள் தட்டெழுதும்போது உங்கள் சொற்கள் முதலில் ராம் என்னும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அம்மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துகொண்டே இருக்கும். எனவே வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை, அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய 16 முறை, கணிப்பொறி அதை மீண்டும் நிரப்புகிறது. மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நிற்கும்; உங்கள் கட்டுரை மறையும்.

'சேமி' என்று கட்டளை இடும்போதுதான் அதன் படி ஒன்று வன்தட்டுக்குச் செல்கிறது. வன்தட்டில் அது காந்தப் புள்ளிகளாகப் பதிகிறது. பென் டிரைவிலோ, மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளுக்குள் மின்னூட்டம் சிறைப்படுகிறது. இவ்விரண்டும் மின்சாரம் இல்லாமலே நிலைத்திருக்கும். இதைப் புரிந்துகொண்ட மாணவரிடம் 'அடிக்கடி சேமி' என்று அறிவுரை கூறத் தேவையில்லை. தாமே செய்வார்.

அழித்தலைப் பற்றியும் ஒரு சொல். 1995 முதல் விண்டோஸில் 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக்கூடை இருக்கிறது. அழித்ததை அதிலிருந்து மீட்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. பென் டிரைவிலிருந்து அழித்த கோப்பு பொதுவாக அந்தக் கூடைக்கு வருவதில்லை என்பதைச் சொல்ல மறக்கின்றன. ஏமாறுபவர் யார்? படித்தவர்தான்.

தமிழுக்கு இழைத்த குறை

தமிழ்வழி வாசகருக்காகவே எழுதிய நூல்களில், கணிப்பொறியில் தமிழ் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்கூட இல்லை. என் நோக்கில் மன்னிக்க முடியாத குறை இதுவே.

கணிப்பொறிக்குள் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற உடன்பாட்டையே குறியாக்கம் என்கிறோம். அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைவது என்று சொல்வது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழுக்கெனத் தனி எண்கள் இல்லை. அதில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தால், உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே தோன்றும். 'என் கடிதம் கெட்டுவிட்டது' என்று பலர் அலறியதற்குக் காரணம் இதுவே. கடிதம் கெடவில்லை, அது முதலிலிருந்தே தமிழில் இல்லை.

1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. யூனிகோடில் எழுதியது எந்தக் கணிப்பொறியிலும் கைபேசியிலும் தமிழாகவே இருக்கும், தேடினாலும் கிடைக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். புதிய விண்டோஸில் உள்ள நோட்பேடில் 'அம்மா' என்று மட்டும் யூனிகோடில் எழுதி, யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். அக்கோப்பின் அளவு 15 பைட் என்று காட்டும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 ஏன்? அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று கணிப்பொறி அதை ஐந்து குறிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். இனி, சொல்லின் கடைசியில் நின்று பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். 'மா' முழுவதும் போகாமல் துணைக்கால் மட்டும் போவதைக் காண்பீர்கள். காரணமும் உங்களுக்கு இப்போது தெரியும்.

தட்டெழுதும் முறையிலும் இதே அலட்சியம் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்யெழுத்துகளை வலக்கையிலும் பிரித்து வைக்கிறது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றைக் கொண்டு 247 எழுத்துகளையும் பெறலாம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு முறை தட்டினால் போதும். புள்ளியைக் கணிப்பொறியே இட்டுக்கொள்ளும். நம் இலக்கணமே விசைப்பலகையாக அமைந்த இதைப் பல நூல்கள் பெயரளவில்கூடக் குறிப்பிடவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

'தொடங்குபவருக்கு இத்தனை விளக்கமா? பயந்து ஓடிவிடுவாரே!' என்று நூலாசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே நூல்கள் முதல் அத்தியாயத்தில் அபாகஸ், பாபேஜ், வெற்றிடக் குழல், ஐந்து தலைமுறைகள் என்று 20 பக்கம் எழுதுகின்றன. அவற்றைப் படித்து ஓடாதவர், நினைவகம் பற்றிய இரண்டு பக்கத்துக்கா ஓடப் போகிறார்?

கைபேசியே போதும் என்பாரும் உளர். கைபேசி பெரும்பாலும் கோப்புகளைக் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைக்கிறது. ஆகவே கைபேசியில் தொடங்கி வரும் இன்றைய மாணவருக்குக் கோப்பு என்றால் என்ன என்ற பாடம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

நூல் வாங்கும்முன்

கடையில் ஒரு தொடக்க நூலைக் கையில் எடுத்தால், மூன்று வினாக்களுக்கு அதில் விடை உள்ளதா என்று தேடிப் பாருங்கள். சேமிக்கும் முன் என் எழுத்து எங்கே இருக்கிறது? சின்னத்துக்கும் கோப்புக்கும் என்ன வேறுபாடு? 16 கிகாபைட் என்று விற்ற பென் டிரைவைக் கணிப்பொறி ஏன் 14.9 என்று காட்டுகிறது?

மூன்றாவது வினாவுக்கு விடையை நானே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸோ 1024-ஐ மும்முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பைட்டை ஒரு கிகாபைட் என்கிறது. 1,600 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள், 14.9 வரும். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

மூன்றில் ஒன்றுக்கேனும் விடை இருந்தால் அந்நூலை வாங்குங்கள். ஒன்றுக்கும் இல்லையென்றால் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, வீட்டில் உள்ள கணிப்பொறியின் முன் அமர்ந்து அந்த 'அம்மா' சோதனையைச் செய்து பாருங்கள். அன்று மாலை வந்த மாணவியும் அதிலிருந்துதான் மீண்டும் தொடங்கினார்.