பக்கவாட்டில் நகராத ஆட்டம்

சக்கர நாற்காலி முன்னே போகும், பின்னே வரும், நின்ற இடத்திலேயே சுழலும். பக்கவாட்டில் மட்டும் ஒரு அங்குலம்கூட நகராது. சக்கர நாற்காலி சாஃப்ட்பாலின் அழகெல்லாம் இந்த ஒரு தடையிலிருந்துதான் பிறக்கிறது என்பேன். நின்று ஆடுபவருக்கு இடப்பக்கம் வரும் பந்துக்கு ஓர் எட்டு வைத்தால் போதும். நாற்காலியில் இருப்பவர் முதலில் திரும்ப வேண்டும், பிறகு தள்ள வேண்டும், அதற்குப் பிறகே கையை நீட்ட முடியும். அதனால் மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே அது போகும் திசையை ஊகித்து, நாற்காலியைக் கோணம் பார்த்து வைத்திருப்பார். தேர்ந்த ஆட்டக்காரர் ஓரிடத்தில் நிற்பதுகூட இல்லை. பந்து எறியப்படும்போதே சக்கரங்களை மெல்ல உருட்டிக்கொண்டிருப்பார். நின்றுபோன சக்கரத்தைக் கிளப்புவதற்குத்தான் கை வலு அதிகம் செலவாகும்.

பேஸ்பால் குடும்பத்தில் சக்கர நாற்காலிக்கென்று ஒழுங்கான விதிகளோடு வேரூன்றியது இந்த ஆட்டம். அமெரிக்காவில் இதற்கான தேசியச் சங்கம் 1976இல் உருவானது. புல்லிலும் மணலிலும் முன்சக்கரங்கள் புதைந்துவிடும் என்பதால் தார்த் தரையிலோ சிமெண்டுத் தரையிலோதான் ஆடுவார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கோடு கிழித்தாலும் ஆடுகளம் தயார். பேஸ்பாலில் ஒரு தளத்திலிருந்து (பேஸ்) அடுத்த தளத்துக்கு 90 அடி. இங்கே 50 அடி. எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 28 அடி. தளங்கள் தரையோடு தரையாக இருக்கும். மூட்டை போலப் புடைத்திருந்தால் சக்கரம் இடறும். பந்து கையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசப்பட்டு, வளைந்து இறங்கும்.

அந்தப் பந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாஃப்ட்பால் பிறந்தது சிகாகோவில், 1887ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளன்று, ஃபாரகட் படகு மன்றத்தின் கூடத்துக்குள். ஜார்ஜ் ஹான்காக் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்க, துடைப்பக் கழி மட்டையாயிற்று. மற்ற ஊர்கள் பிற்பாடு சிறிய பந்துக்கு மாறிவிட்டன. சிகாகோ மட்டும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை விடவில்லை. அங்கே அதைக் கையுறை இல்லாமல் வெறுங்கையால்தான் பிடிப்பார்கள். புதிதாக இருக்கும்போது விரலைப் பதம் பார்க்கும். அடிபட அடிபட இளகும், இளக இளகப் பறக்கும் தூரம் குறையும். சக்கர நாற்காலிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பந்தைத்தான். அது நெடுந்தூரம் ஓடாது, திரும்பித் தள்ளிக்கொண்டு போக அவகாசம் தரும். மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளவும் வசதி. சிகாகோக்காரர்கள் தங்களை அறியாமல் இந்த ஆட்டத்துக்கென்றே செய்துவைத்த பந்தோ என்று எனக்குத் தோன்றும்.

மட்டை வீச்சில் ஒரு சிக்கல் உண்டு. இடுப்பிலிருந்து வீசினால் நாற்காலியும் சேர்ந்து திரும்பும். அதனால் சிலர் ஒரு கையால் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிப்பார்கள். பிடி வலுவில்லாதவர்கள் மட்டையைக் கையோடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்வதும் உண்டு. பலத்தைவிட இடம் பார்த்து அடிப்பதற்கே இங்கு மதிப்பு. நாற்காலி பக்கவாட்டில் போகாது அல்லவா, தடுப்பவரின் கைக்கு இரண்டு முழம் தள்ளிப் போகும் உருட்டல் அடியே அவரைத் திண்டாட வைக்கும்.

அடித்த கை அடுத்த நொடி சக்கரத்துக்கு வர வேண்டும். முதல் இரண்டு தள்ளல்களில்தான் பாதி ஓட்டம் இருக்கிறது. காலைத் தரையில் ஊன்றி வேகம் சேர்ப்பது விதிமீறல். விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். வேகத்தில் வளைந்தாலும் அத்தனை எளிதில் கவிழாது. முதல் தளத்தைச் சுற்றி இரண்டாவதற்குத் திரும்பும்போது ஓடுபவர் உள்பக்கச் சக்கரத்தை மட்டும் உள்ளங்கையால் அழுத்துவார். முட்டுக்கட்டை போட்டதும் தேர் வீதி முனையில் திரும்புமே, அப்படித் திரும்பும். எங்கே அழுத்துவது, எப்போது விடுவது என்பதில் ஒருவருடைய பல வருடப் பழக்கம் தெரிந்துவிடும்.

அணித்தலைவரின் வேலையை நான் தனியாக ரசிப்பேன். உடலை எந்த அளவுக்கு ஆட்டக்காரரால் கட்டுப்படுத்த முடிகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1, 2, 3 என்று புள்ளி. களத்தில் பத்து பேர். மொத்தப் புள்ளி 22ஐத் தாண்டக் கூடாது. வலுவான பத்து பேரைப் பொறுக்கினால் 30 ஆகிவிடும். ஆக, வயிற்றுத் தசையே வேலை செய்யாதவரும் அணிக்குத் தேவைப்படுகிறார். இதற்கு மேல் இன்னொரு விதி: கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கைகளும் முழு வலு இழந்த ஒருவராவது களத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பேரோடுதான் ஆட வேண்டும். சலுகையாக ஓர் ஓரத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடு கிடையாது. அடிக்கும் வரிசையில் அவருடைய முறையும் வந்தே தீரும், அது ஆட்டத்தின் கடைசிப் பந்தாகக்கூட இருக்கலாம். விளையாட்டு விதிகளில் இதைவிட நியாயமாக யோசித்து எழுதப்பட்டதை நான் அறியேன்.

1 புள்ளி பெற்ற ஆட்டக்காரர் தரையில் உருளும் பந்தை எடுப்பதைக் கவனியுங்கள். குனிந்தால் நிமிர்த்த முதுகுத் தசை உதவாது. ஒரு கையை மறுபக்கச் சக்கரத்தில் கொக்கி போல மாட்டிக்கொண்டு, உடம்பை அப்படியே சரித்துப் பந்தை அள்ளி, மாட்டிய கையாலேயே தன்னை இழுத்து நிமிர்ந்துகொள்வார். எறிவதற்கும் தோள் மட்டும்தான்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உச்சம், வெளிக்களத்தில் தலைக்கு மேல் போகும் பந்து. ஆட்டக்காரர் நாற்காலியைச் சுழற்றி, இரு கைகளாலும் தள்ளிக்கொண்டே அண்ணாந்து பார்த்தபடி விரைகிறார். கைகள் சக்கரத்தில் இருக்கும்வரை பந்தைப் பிடிக்க முடியாது. சக்கரத்தை விட்ட பிறகு திசையை மாற்ற முடியாது. சீக்கிரம் விட்டால் வேகம் தணிந்து எட்டாது, தாமதித்தால் கை உயராது. சரியான நொடியில் இரு கைகளையும் எடுத்துவிடுகிறார். ஆள் தொடாத நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு தானே உருண்டு பந்தின் அடியில் போய்ச் சேர்கிறது. பிடித்த பந்து மடியில் விழுந்ததுமே கை மறுபடி சக்கரத்துக்குப் போகிறது; மூன்றாம் தளத்தில் எதிரணி ஓட்டக்காரர் ஒருவர் காத்திருக்கிறார், அவர் ஹோம் தளத்தை அடைவதற்குள் நாற்காலியைத் திருப்பி எறிந்தாக வேண்டும்.