நிற்கும்போதுதான் கனம்

'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' என்ற தலைப்பைப் பார்த்து, யாரோ நம் ஊர் ஓட்டப்பந்தய வீரரின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இண்டியன் ஆளே அல்ல. மோட்டார் சைக்கிள்! அமெரிக்காவில் இண்டியன் என்ற கம்பெனி தயாரித்த 'ஸ்கவுட்', 1920 மாடல். அதை ஓட்டியவர் பர்ட் மன்றோ என்கிற நியூசிலாந்துக்காரர். அவராக நடித்தவர் ஆந்தனி ஹாப்கின்ஸ். ரோஜர் டொனால்ட்சன் இயக்கி 2005-ல் வந்த படம்.

பழைய படத்தை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், காரணம் என் நண்பர். வயது 71. முப்பது வருஷமாக புல்லட் 350. அதிலேயே கொடைக்கானல், மூணாறு, ஒரு தடவை கோவா வரை போய்வந்தவர். சென்ற மாதம் சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபோது வண்டி மெள்ள இடது பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. வண்டி படுத்துவிட்டது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்து தூக்கி, 'பார்த்து தாத்தா' என்றார்களாம். அடி எதுவும் இல்லை. அந்தத் 'தாத்தா'தான் வலித்தது.

மகள், 'வித்துடுங்கப்பா' என்கிறாள். இவர் ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்தார். "பாத்தியா, 68 வயசுல வேர்ல்டு ரெக்கார்டு! எனக்கென்ன, மூணு வயசுதானே கூட?"

இங்கேதான் இந்தப் படத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நல்ல படம். மன்றோ ஒரு ஷெட்டில் படுத்து, எழுந்து, எலுமிச்சை மரத்துக்கு 'தண்ணீர்' விட்டு (எப்படி என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்), பழைய உலோகத்தை உருக்கி பிஸ்டன் வார்க்கிறார். பந்தய டயர் வாங்கக் காசில்லாமல் சாதாரண டயரைக் கத்தியால் சீவிக்கொள்கிறார். உடைந்துபோன பாகங்களைத் தூக்கிப் போடாமல் வேக தேவதைக்குப் படையல் என்று அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். நெஞ்சுவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிற கிழவரை ஹாப்கின்ஸ் ஓர் இடத்தில்கூட நம்மிடம் பரிதாபம் கேட்க வைக்கவில்லை. 2007-ல் வந்த 'வைல்ட் ஹாக்ஸ்' ஞாபகமிருக்கிறதா? அதில் நடுவயதுக்காரர் வண்டியைக் கீழே போடுவது ஜோக். இந்தப் படத்தில் வயசு ஜோக் இல்லை. அதற்காகவே ஒரு கும்பிடு.

மன்றோ செய்ததும் பொய்யில்லை. அவர் பல தடவை போய்வந்ததைப் படம் ஒரே பயணமாகச் சுருக்கிவிட்டது, அவ்வளவுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மணிக்கு 90 கிலோமீட்டர்கூடப் போகாத வண்டி அது. 1967-ல் அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில், 68 வயதில், அதையே மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது சராசரியைக் கணக்கிட்டதில் ஒரு தப்பு நேர்ந்திருந்தது. 2014-ல் திருத்தினார்கள். செத்து 36 வருஷம் கழித்து மனிதர் இன்னும் கொஞ்சம் வேகமாகிவிட்டார்!

சரி, சண்டை எதற்கு? இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அந்த உப்புவெளி. சிக்னல் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது, யூ டர்ன் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நேர்க்கோடு. கிளம்பும்போது பிடித்துத் தள்ளிவிட ஆட்கள். மோட்டார் சைக்கிள் ஓடும்போது தன்னைத்தானே பாதி நிறுத்திக்கொள்ளும். வேகம் குறையக் குறையத்தான் கனம் நம் காலுக்கு இறங்கும். வயசானவருக்குக் கஷ்டம் 295-ல் இல்லை, பூஜ்யத்தில்.

வண்டி செய்கிறவர்களுக்கு இது தெரியும். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே ஹோண்டா செய்கிற கோல்ட் விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் வந்தது, வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. 1988 மாடலில் பின்னால் நகர்த்த ரிவர்ஸ் வைத்தார்கள். 2018-ல் எடையைக் கணிசமாகக் குறைத்தும் இன்னும் 360 கிலோவுக்கு மேல். ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாகப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து ட்ரை கிளைடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரிவர்ஸ், மூன்றாவது சக்கரம் எல்லாமே வேகத்துக்காக அல்ல. வண்டியை நிறுத்துகிற இடத்துக்காக.

இரண்டாவது, படம் முடிகிற இடம். மன்றோ ஊர் திரும்புகிறார், வரவேற்பு, சுபம். நிஜக் கதை அங்கே முடியவில்லை. 1977-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் முன்போல் சொன்னபடி கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த வண்டியை, சொந்த ஊரான இன்வர்காகிலை விட்டுப் போகக்கூடாது என்று, உள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கே விற்றார். 1978 ஜனவரியில் இறந்துபோனார்.

டொனால்ட்சனுக்கு இது தெரியாமலில்லை. 1971-லேயே மன்றோவைப் பற்றி டாக்குமெண்டரி எடுத்தவர். இருந்தும் விட்டுவிட்டார். வண்டி விற்கிற காட்சிக்கு டிக்கெட் விற்காது என்று நினைத்திருக்கலாம். ஆனால் என் நண்பரைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு காட்சிதான் வேண்டும். தைரியம் என்றால் விடாமல் ஓட்டுவது என்று படம் சொல்கிறது. பாதி உண்மை. தன் கையாலேயே சாவியைக் கொடுப்பதற்கும் தைரியம் வேண்டும். அதை மன்றோவிடம் யாரும் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் அப்பாவின் சாவியை ஒளித்து வைக்கிற மகன்களே, மகள்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரியவர்களே, நீங்களே ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேனைக் கூப்பிடாமல் சென்டர் ஸ்டாண்டு போட முடிகிறதா? கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வருகிறதா? பார்க்கிங்கிலிருந்து தனியாகப் பின்னுக்குத் தள்ளி எடுக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஓட்டுங்கள். இல்லையென்றால் கனம் குறைந்த வண்டிக்கு மாறுங்கள். புல்லட் 190 கிலோ என்றால் ஸ்கூட்டர் 110 கிலோ. புல்லட்டை விடுவதும் ரோட்டை விடுவதும் ஒன்றல்ல.

இதையெல்லாம் நண்பரிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அந்த வண்டி இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"அதே ஊர்ல, அதே கடையிலதான். காட்சிக்கு வெச்சிருக்காங்க. வேணுங்கிறவங்க போய்ப் பார்க்கலாம்."

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க தெருக்கோடியில ஒரு மெக்கானிக் பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான்" என்றார்.

இன்னும் விற்கவில்லை. பரீட்சையில் முதல் கேள்வியில் இருக்கிறார்.