உலகத்தைத் தலைகீழாகச் சொல்ல வைப்பது

நரம்பியல் பரிசோதனையில் வரும் சொற்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது அகராதி வேலை போலத் தோன்றும். உண்மையில், ஒவ்வொரு கேள்வியும் மூளையின் எந்த வேலையைத் தொட்டுப் பார்க்கிறது என்று தெரிந்தவருக்கே கைவரும் கலை அது. திருவள்ளூர் மாவட்டத்தில் கடம்பத்தூர் பக்கம் பட்டறையில் நிற்கும் ஒருவர் ‘கை மரத்துப் போச்சு’ என்கிறார். தொட்டால் தெரியவில்லை என்பதற்கும், எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்பதற்கும், பிடி நழுவுகிறது என்பதற்கும் நம் ஜனங்கள் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலக் கேஸ் ஷீட்டில் இவை மூன்றும் தனித்தனி. மூன்றும் மருத்துவரை வெவ்வேறு வழியில் அனுப்பும். கைதேர்ந்தவர் அவசரப்பட்டு ‘நம்னஸ்’ என்று எழுதிவிட மாட்டார். கிள்ளினால் தெரிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்டு, பதில் வந்த பிறகே ஆங்கிலச் சொல்லைத் தேடுவார். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எதிர்த்திசையில், கேள்வியை நம் மொழிக்குக் கொண்டுவருவதில், நுணுக்கம் இன்னும் கூடும். ஃபோல்ஸ்டீனும் துணைவர்களும் 1975-இல் வெளியிட்ட 30 மதிப்பெண் மனநிலைச் சோதனையில் ‘வேர்ல்டு’ (உலகம்) என்ற ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லச் சொல்வார்கள். எழுத்துக்கு ஒன்றாக ஐந்து மதிப்பெண். ஸ்பானிய மொழிக்கு அதிர்ஷ்டம்: ‘முண்டோ’வுக்கும் ரோமன் எழுத்தில் ஐந்தே எழுத்து. தமிழில் ‘உலகம்’ நான்கோடு நின்றுவிடுகிறது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு எழுத்தைத் திருப்பிச் சொல்வது கவனத்துக்கான சோதனை ஆகாது, கல்விக்கான சோதனை ஆகிவிடும். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களுக்காக கங்குலி குழுவினர் 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவம் இந்த இடத்தில் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னது. சொல் முழுக்க மாறிவிட்டது. மனத்தில் ஒரு வரிசையைப் பிடித்துவைத்துத் திருப்பும் வேலை அப்படியே இருக்கிறது. என் கணக்கில் இதுதான் அசல் மொழிபெயர்ப்பு. அதே சோதனையில் ‘நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்’ என்று திரும்பச் சொல்லும் வரியும் அப்படித்தான். மனத்தில் படமாக எழாத குட்டிச் சொற்களின் கோவை அது. பேச்சு சிதைந்தவர்களில் பலருக்கு முதலில் நழுவுபவை அவை. தமிழிலோ அந்த ‘இஃப்’ ‘வந்தால்’ என்பதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்துத் தனியே நிறுத்தினால் நலமாக இருப்பவரும் தடுமாறுவார். ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ போன்ற வரி அந்த வேலையை இயல்பாகச் செய்யும்.

ஆளுக்கு ஆள் மாற்றினால் ஓர் ஊர் மதிப்பெண்ணை இன்னோர் ஊரோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடினம் வேறுபடும் இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த ஒரே எண் ஒப்பீடு ஆகாது. ஒப்பீடு போன்ற தோற்றம் மட்டுமே. தவிர, பல்லப்கட் வடிவம் யாரோ ஒருவர் நினைத்தபடி மாற்றியதல்ல. கிராமத்து முதியவர்களிடம் சோதித்துத் திருத்தியது. சுதந்திரம் வேண்டும் என்பதோடு, அந்த உழைப்பும் வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்த உழைப்புக்கு ஏற்ற ஓர் இடம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் புழங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. தலையில் அடிபட்டு வரும் ஒடியாத் தொழிலாளியிடம் தமிழில் கிழமை கேட்டால் சோதிக்கப்படுவது அவருடைய தமிழ்தான். கேள்விகள் அவரவர் மொழியில், அந்த மொழிக்காரர்களிடம் சோதித்த வடிவில், கேஸ் ஷீட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.