ஆப்பிரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுக்கள்: 'கண்டுபிடிப்பு' என்னும் பார்வையும் திணைவழி வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஹெவி மெட்டல் இசை தொழில்நகரத்தின் விளைபொருள் என்பது மேலைத் திறனாய்வில் வேரூன்றிய கருத்து. போட்சுவானா, டோகோ, மடகாஸ்கர், அங்கோலா முதலிய நாடுகளின் இசைக்குழுக்கள் இக்கருத்தின் போதாமையை உணர்த்துகின்றன. இக்குழுக்கள் வெளியுலகால் 'கண்டுபிடிக்கப்பட்ட'வையாகப் பேசப்படுவதும் ஆய்வுக்குரியது. கருப்பொருள், திணைமயக்கம் ஆகிய தொல்காப்பியக் கருத்தாக்கங்களின் துணையோடு அவற்றை வாசிக்கும் இக்கட்டுரை, அவ்வாசிப்பின் எல்லையையும், 'இரைச்சல்' என்னும் சொல் தமிழ்ச் சூழலில் ஆற்றும் செயலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஹெவி மெட்டல், ஆப்பிரிக்க இசை, கருப்பொருள், திணைமயக்கம், பறை, இரைச்சல்.

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்த நிலையம் வேப்பம்பட்டு. அதன் கிழக்கே ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உள்ளன. வடகிழக்கே கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள் உள்ளன. உலோகத்தை உருக்கியும் அடித்தும் வளைத்தும் வாழும் நிலப்பகுதி இது. இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் நாட்டார் இசைக்கருவிகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் டோகோ நாட்டு இசைக்குழு ஒன்றின் பாடலைக் கைப்பேசியில் ஒலிக்கச்செய்து, "ஐயா, இது பறையடி மாதிரி இல்லையா?" என்று வினவினார். அங்கிருந்த மற்றோர் ஆசிரியர் "இரைச்சல்" என்னும் ஒற்றைச் சொல்லால் விடையளித்தார். அவ்வினாவும் அவ்விடையுமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். மாணவரின் ஒப்பீடு எந்த அளவுக்குச் செல்லும், ஆசிரியரின் சொல் எதை மறைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தொழில்நகரக் கருதுகோள்

ஹெவி மெட்டலின் பிறப்புக் கதை பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொடங்கும். அந்நகரின் பிளாக் சாபத் குழு தன் முதல் இசைத்தட்டை 1970 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, தம் 17ஆம் வயதில் தகட்டு ஆலையில் பணிபுரிந்தபோது வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் விரற்கூடு செய்து அணிந்து மீண்டும் வாசிக்கக் கற்றார். விரலுக்கு எளிதாக இருக்க மெல்லிய தந்திகளை நாடினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். மெட்டலின் கனத்த, தாழ்ந்த ஒலி இவ்வாறு ஆலை விபத்தொன்றோடு பிணைத்துப் பேசப்படுகிறது.

ஆய்வுலகமும் இதற்கு அணுக்கமாகவே நடந்துள்ளது. 1991இல் வெளிவந்த தம் சமூகவியல் நூலில் டீனா வைன்ஸ்டைன், வல்லமையுணர்வை மெட்டல் ஒலியின் உயிர்க்கூறாகக் கண்டு, பேரொலியை அதன் முதன்மை வெளிப்பாடாகக் கொண்டார். 2011இல் வெளிவந்த 'மெட்டல் ரூல்ஸ் தி குளோப்' என்னும் தொகுப்பு, இவ்விசையின் உலகப் பரவலைத் தொழில்மயம், நவீனமயம் ஆகியவற்றின் பின்புலத்தில் விளக்க முற்பட்டது.

இக்கருதுகோளை முழுதும் ஏற்றால், ஆலைச் சங்கொலியில் விழிக்கும் அம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் மெட்டல் இசையின் விளைநிலங்களாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. இந்தியாவில் 1988இல் தோன்றிய மில்லேனியம், 1998இல் தோன்றிய கிரிப்டோஸ் ஆகிய குழுக்கள் பெங்களூரைச் சேர்ந்தவை. அங்கு இவ்விசைக்கு இடமளித்தவை பெரும்பாலும் ஆங்கிலவழிக் கல்லூரி வளாகங்களே. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் அல்ல. எனவே ஆலை, மெட்டலின் ஒரு பிறப்பிடத்தை விளக்கலாம். அதன் வாழ்விடங்களை விளக்காது. இவ்விடைவெளியை ஆப்பிரிக்கா இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

2. போட்சுவானா: ஆநிரை நிலத்தின் மெட்டல்

1966இல் விடுதலை பெற்ற போட்சுவானா, வைரம் கண்டறியப்படும்வரை கால்நடை வளர்ப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆலைநகர மரபு அந்நாட்டிற்கு இல்லை. ஆயினும் 1990களின் தொடக்கத்திலேயே மெட்டல் ஒரைசன் என்னும் குழு அங்கே இயங்கியது. பின்னர் ரஸ்ட், ஸ்கின்பிளின்ட், ஓவர்திரஸ்ட் எனக் குழுக்கள் பெருகின.

இந்நாட்டு ரசிகர்களின் உடையைத் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஃபிராங்க் மார்ஷலின் படங்கள் உலகறியச் செய்தன. கறுப்புத் தோல் மேற்சட்டை, இரும்புக் குமிழ்கள், சங்கிலி ஆகியவை மேலை மெட்டலுக்குரியவை. ஆனால் அவற்றோடு மாடு மேய்ப்போரின் அகன்ற தொப்பி, நீண்ட காலணி, கால்மறைப்புத் தோல், கால்நடைக் கொம்பு, எலும்பு ஆகியன சேர்கின்றன. மேலை நாட்டில் தோலாடை இருசக்கர ஊர்தியோட்டியை நினைவூட்டும். போட்சுவானாவில் அதே தோல் பட்டியையும் மேய்ச்சலையும் நினைவூட்டுகிறது. பொருள் ஒன்று, அது சுட்டும் வாழ்வு வேறு. இவ்வுடையில் உலவும் பெண்கள் 'குயின்ஸ்' என அழைக்கப்படுவதும், ஆண்மை மிகுந்ததாகக் கருதப்படும் இவ்விசையின் பால்நிலைக் கணிப்பைக் கேள்விக்குட்படுத்துவதும் தனியே ஆராயத்தக்கவை.

ஓவர்திரஸ்ட் குழு 2008இல் கலகாரிப் பகுதியின் கான்சி என்னும் ஊரில் தோன்றியது. கான்சி மாட்டுப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. இக்குழு அங்கே நடத்தும் இசைவிழா, நலிந்தோர்க்கு உதவி திரட்டும் நிகழ்வாகவும் அமைகிறது. பாடலில் பிணமும் சாவும். வாழ்வில் அண்டையார்க்கு உதவி. பாடற்பொருளைக் கொண்டே பாடுவோரின் ஒழுக்கத்தை அளப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இது சான்று. 2006இல் தோன்றிய ஸ்கின்பிளின்ட், 'இக்ல்வா' என்னும் சூலு மக்களின் குத்தீட்டிப் பெயரையும், செட்சுவானா மொழியில் ஆவிகளைக் குறிக்கும் 'டிபோகோ' என்னும் சொல்லையும் இசைத்தொகுப்புகளுக்குத் தலைப்பாக்கியது. வட ஐரோப்பியத் தொன்மங்கள் வகித்த இடத்தில் தென்னாப்பிரிக்க நிலப்பகுதியின் படைக்கலமும் ஆவியும் வந்தமர்கின்றன.

3. முழவும் மொழியும்

மாணவர் ஒலிக்கச்செய்தது டோகோவின் தலைநகர் லோமேயைச் சேர்ந்த ஆர்க்கான் அஸ்ராஃபோகோர் குழுவின் பாடல். இக்குழுவினர் ஏவே மொழியிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பாடுகின்றனர். 'ஸா கேலி' (2019), 'ஜிக்கு' (2024) ஆகியன இவர்தம் தொகுப்புகள். ஏவே மக்களின் முழவும் குலுக்கொலிக் கருவிகளும் பாடலின் ஓட்டத்தையே நடத்திச் செல்கின்றன. கிட்டார் பல இடங்களில் அத்தாளத்தைப் பின்தொடர்கிறது. நாட்டார் கருவியை முன்னுரையில் ஒலிக்கவிட்டு, பின் மறந்துவிடும் கலவை இசைகளிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே.

மடகாஸ்கரின் லோஹாரானோ குழு மலகாசி மொழியில் பாடி, அத்தீவின் 'ட்சாபிகி' போன்ற ஆட்டத் தாளங்களை மெட்டலோடு இணைக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியின் டூமா இணையரோ 2020இல் வெளிவந்த தம் தொகுப்பில் மின்னணு ஒலியின் கடைக்கோடிக்குச் செல்கின்றனர். அங்கே மரபுக் கருவியைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். ஆனால் 'டூமா' என்பது கிகுயு மொழியில் இருளைக் குறிக்கும் சொல். 'ஆப்பிரிக்கத் தன்மை' என்றால் முழவு ஒலித்தே தீரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பை இக்குழு மறுக்கிறது. இம்மறுப்பும் நம் ஆய்வுக்குள் இடம்பெற வேண்டும்.

4. கண்டுபிடிப்போர் யார்?

இக்குழுக்கள் குறித்த எழுத்துகளிலும் படங்களிலும் 'கண்டுபிடிப்பு' என்னும் தொனி மேலோங்குகிறது. எட்வர்ட் பாங்க்ஸ் 2016இல் வெளியிட்ட முன்னோடி நூல், தன் துணைத்தலைப்பில் ஆப்பிரிக்காவை 'மறக்கப்பட்ட கண்டம்' என்கிறது. யாரால் மறக்கப்பட்டது என்பதே வினா. அங்கே வாழ்ந்து வாசித்தோர் எவரும் தம்மை மறந்திருக்கவில்லை. ஆயினும் அந்நூலின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. நாடுநாடாகச் சென்று இசைக்கலைஞரின் சொற்களைப் பதிவுசெய்தமை அதன் வலிமை. 2022இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூல், பின்காலனிய அடையாளம் என்னும் சட்டகத்திற்கு நகர்ந்தது குறிப்பிடத்தக்க வளர்ச்சி.

ஜெரமி க்சிடோ இயக்கிய 'டெத் மெட்டல் அங்கோலா' (2012) என்னும் ஆவணப்படம் இவ்வகையில் சிறந்தது. 1975முதல் 2002வரை நீடித்த உள்நாட்டுப் போரில் சிதைந்த ஹுவாம்போ நகரில், ஆதரவற்ற சிறார் இல்லம் நடத்தும் சோனியா ஃபெரெய்ராவும் இசைக்கலைஞர் வில்கர் ஃபுளோரஸும் ராக் இசைவிழா ஒன்றை நடத்த முயல்வதை அது காட்டுகிறது. இங்கு வியப்பூட்டும் அயற்பொருளாக மெட்டல் நிற்கவில்லை. போரின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் தம் கையால் எழுப்பித் தாமே நிறுத்தவல்ல ஓசையாக அது நிற்கிறது.

இவ்விசைக்குக் கொடுத்த விலையையும் கருதவேண்டும். எகிப்தில் 1997இல் ஏறத்தாழ நூறு இளைஞர்கள் சாத்தான் வழிபாட்டினர் என்னும் குற்றச்சாட்டில் கைதாயினர். மொராக்கோவில் 2003இல் 14 பேர் தண்டிக்கப்பட்டனர். கடும் எதிர்ப்பிற்குப்பின் மேல்முறையீட்டில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். வெளியுலகம் 'கண்டுபிடிக்கும்' முன்னரே உள்ளூர்க் காவல்துறை இவர்களைக் கண்டுகொண்டிருந்தது என்பதே வரலாறு.

5. திணைவழி வாசிப்பு

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களுள் தெய்வம், உணவு, விலங்கு ஆகியவற்றோடு பறையையும் யாழையும் வைத்து எண்ணுகிறது. நிலத்திற்கு நிலம் பறை வேறு என்பது அதன் கருத்து. உரையாசிரியர் முல்லைக்கு ஏறுகோட்பறையைக் கூறுவர். மேலும் திணைகள் மயங்குவதை அது விலக்கவில்லை. நிலங்கள் ஒன்றாய் மயங்குவதை ஏற்கவில்லை. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்கிறது.

இதனை ஒப்புமையாகக் கொண்டால் மேற்கண்ட சான்றுகள் ஒழுங்குபெறுகின்றன. கான்சி பர்மிங்காம் ஆவதில்லை, நிலம் மயங்கவில்லை. தோல், கொம்பு, முழவு, மொழி, தொன்மம் ஆகிய கருப்பொருள்கள் மயங்குகின்றன. மெய்ப்பாட்டியல் வழங்கும் சொற்களில் கூறின், பெருமிதமும் வெகுளியும் அச்சமும் கலந்த உணர்வு இவ்விசையின் உரிப்பொருள்போல் நிலைத்து நிற்கிறது. 'மேற்கைப் போலச் செய்தல்', 'தூய மரபு' என்னும் இரு முனைகளுக்கிடையே சிக்கிய விவாதத்திற்கு இது ஒரு வெளிவழி.

எனினும் இவ்வாசிப்பிற்கு எல்லை உண்டு. அகத்தின் உரிப்பொருள் காதலொழுக்கம். அதனை மெட்டலின் உணர்வுக்கு நீட்டுவது ஒப்புமையே, இலக்கணம் அன்று. டூமா போன்ற குழுவை நிலத்தோடு கட்டிப்போடவும் இயலாது. திணையைக் கொண்டு ஆப்பிரிக்காவை நாம் 'கண்டுபிடித்து'விட்டோம் எனக் கருதின், முன் பகுதியில் கண்டித்த பிழையையே நாமும் செய்தவராவோம்.

6. தமிழர் சூழலும் 'இரைச்சல்' என்னும் சொல்லும்

சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, தன் இசையை 'வேத மெட்டல்' என அழைக்கிறது. 'பிரம்மவித்யா' என்னும் முத்தொகுப்பு (2005, 2009, 2011) வேதாந்தக் கருத்துகளை ஆங்கிலத்திலும் வடமொழியிலும் முன்வைக்கிறது. தமிழ் அலுவல்மொழியாக உள்ள நாட்டில் இக்குழு தன் கருப்பொருளை நிலத்திலிருந்தோ முழவிலிருந்தோ அன்றி நூல்மரபிலிருந்து பெரிதும் தேர்ந்தது. இது குறையன்று, தேர்வு. ஏவே முழவைத் தேர்ந்த லோமேக் குழுவோடு ஒப்பிடும்போது, எந்த மரபு 'உயர்ந்தது' எனப் புலம்பெயர் சமூகம் கருதியது என்னும் வினாவை இத்தேர்வு எழுப்புகிறது. முப்பதாண்டு கடந்த இக்குழுவைத் தமிழாய்வு போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

காரணம், நம் செவிப்பழக்கத்தில் உள்ளது. 'இரைச்சல்' என்பது ஒலியளவைக் குறிக்கும் சொல் மட்டும் அன்று. யார் எழுப்பும் ஒலி என்பதையும் அது தீர்மானிக்கிறது. சாதியத்தின் பெயரால் பறையொலியும் நெடுங்காலம் இசைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இன்று பறை ஆய்வுப்பொருளாகவும் மேடைக்கலையாகவும் ஏற்பு பெற்றுள்ளது. ஆனால் அதை வெளியே நிறுத்திய சொல் இன்னும் வகுப்பறையில் புழங்குகிறது. பறையின் ஒடுக்குமுறை வரலாறும் மெட்டலின் வரலாறும் ஒன்றல்ல. ஒன்றெனக் கொள்வது முன்னதன் துயரைச் சிறுமைப்படுத்தும். இரண்டையும் ஒதுக்கிய செவி ஒன்று என்பதே இங்குச் சுட்டப்படுவது.

முடிவுரை

ஆலையே மெட்டலைப் பிறப்பிக்கிறது என்னும் கருதுகோள் ஆப்பிரிக்கச் சான்றுகள்முன் நிற்கவில்லை. அயலிலிருந்து வந்த இசையைத் தம் மாட்டுப்பட்டியோடும் முழவோடும் மொழியோடும் இணைத்துக்கொண்ட மக்களாலேயே அது ஆங்காங்கே வேர்பிடித்தது. திணைமயக்கம் இதனை விளக்க உதவும் கருவி, உரிமைப்பத்திரம் அன்று.

அம்மாணவரின் வினாவிற்கு இப்போது விடைகூறலாம். அது பறையடி அன்று. ஏவே மக்களின் முழவு, அதற்கெனத் தனி வரலாறு உடையது. ஆனால் ஒரு நிலத்தின் தோற்கருவி புதிய இசையொன்றை நடத்திச் செல்வதை அவர் சரியாகவே கேட்டிருக்கிறார். உருக்காலைகளின் அருகே வாழும் நம் மாணவர் கேட்கும் ஒலிகளை, முன்முடிவின்றி நாமும் ஒருமுறை கேட்பதிலிருந்தே இத்துறையில் தமிழாய்வு தொடங்க இயலும்.