எடை கூறாத உண்மை

இருதயச் செயலிழப்புற்றோருள் பருமனானோரே நீடித்து வாழ்கின்றனர் என்னும் கூற்று இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் மருத்துவ உலகிற் பேசப்பட்டு வருகின்றது. அதன் அடித்தளம் உடற்றிணிவுச் சுட்டியாகும். 19ஆம் நூற்றாண்டிலே பெல்ஜிய அறிஞர் கெற்றலே மக்கட்டொகையின் சராசரியை ஆராய வகுத்த அவ்வளவுகோல், தனியொரு நோயாளியின் தசை, கொழுப்பு, தேங்கிய நீர் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டாது. வீங்கிய கால்களின் நீரும் எடையாகவே கணிக்கப்படத் தசைமெலிவு மறைந்துவிடுகின்றது. நியூமோனியா பற்றுங்கால் இருமிச் சளியகற்றும் வலிமையோ தசையிலேயே தங்கியுள்ளது.

8,000க்கு மேற்பட்ட நோயாளர் பங்குபற்றிய பரடைம் ஆய்வின் தரவுகளை இடை–உயர விகிதங்கொண்டு மீள நோக்கிய 2023ஆம் ஆண்டுக் கட்டுரையில், பருமனின் நன்மை புலப்படவில்லை. எனவே, குறை பெரும்பாலும் அளவுகோலினதே எனலாம். வறுமையால் தசையிழந்தவரை எடை பார்த்துப் போசாக்குள்ளவரெனப் பதியும் மருத்துவம், அவர்தம் பசியையும் காணத் தவறுகின்றது.